நம்ம கடை அரிசி

இன்றைக்காவது நம்ம கடை அரிசி இல்லாத ஒரு சோறு கிடைக்குமா என்று ராமசெல்வி மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

திருவொற்றியூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அவள் புருஷன் சுயம்பு, தன்னிடம் சரக்கு எடுக்கும் ஓட்டல்களில் மட்டும்தான் சாப்பிடுவான். உள்ளே நுழைந்ததுமே முதலாளி குரல் கொடுப்பார்: "அண்ணாச்சி வூட்டுக்காரம்மா வந்துகீறாங்க, நல்லா கவனிங்கப்பா." அதற்கப்புறம் அவளால் சோற்றைக் குறை சொல்லவும் முடியாது, மிச்சம் வைக்கவும் முடியாது. பதினோரு வருஷமாக எல்லா ஓட்டலிலும் சிரித்த முகத்தோடு தன் வீட்டுச் சோற்றையேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இன்னைக்கு உன் பொறந்தநாளுல்லா. எங்க போவோம்? நீயே சொல்லு."

"மயிலாப்பூர் பக்கம் போவோமா? நம்மள யாருக்கும் தெரியாத எடமா."

"தெரியாத எடத்துல எவன் நம்மள மதிப்பான்?" சுயம்பு சிரித்தான். "எர்ணாவூர்ல புதுசா ஒருத்தன் கடை தொறந்திருக்கான். நம்ம சரக்குதான். வாரோம்னு காலையிலயே சொல்லிட்டேன். வெரசா பட்டுச்சேலய உடுத்து."

ராமசெல்வி பீரோவைத் திறந்தாள். பட்டுச்சேலையின் மடிப்பை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினாள்.

"நீங்க போயிட்டு வாங்க," என்றாள். "நான் வரல."