சைகல் அக்காவின் வேனில் மாறியிருந்த எண்கள்

1

இந்தக் கதையை நான் கேட்டு வாங்கவில்லை. என் காருக்குப் பக்கக் கண்ணாடி தேடி பிஷ்கேக் உதிரிபாகச் சந்தைக்குப் போனபோது, தோல்குனின் கன்டெய்னர் கடையில் தேநீர் குடித்துக்கொண்டே என் கண்ணால் பார்த்தது. எழுதுகிறேன் என்று பிறகுதான் அவளிடம் சொன்னேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தோல்குன் தனிமையில் வாடும் ஒரு —’

(அடித்துவிட்டேன். அவள் கடையில் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். வாடுவதற்கு ஏது நேரம்?)

பழைய வண்டிகளின் இன்ஜினை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி நடத்துகிறது. அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று செய்தவர்கள் யாருக்கும் சொல்வதில்லை. தோல்குன் பெட்டியைத் திறந்து, சிப்பைக் கழற்றி, எண்களைப் படித்து, எந்த எண் எதற்கு என்று கண்டுபிடிப்பவள். இந்த வேலையை அவளும் கணவன் மிர்லானும் சேர்ந்தே கற்றுக்கொண்டார்கள். ஒரு வருடம் என்று சொல்லி ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். நான்கு வருடமாகப் பேச்சு இல்லை.

2

அன்று கடையில் உட்கார்ந்திருந்த சைகல் அக்கா, தானே வேன் ஓட்டிப் போகும் மலைக்கிராமத்து மருத்துவச்சி. அவருடைய ஜப்பான் வேன் ஒரு காலத்தில் இவர்கள் இருவருடையது. மிர்லான் போகும்போது அவருக்கு விற்றார்கள். போன வாரம் தொலோன் கணவாயில் அது நின்றுவிட்டது. உள்ளே பிரசவ வலியோடு ஒரு பெண். குழந்தை சாலையோரத்தில் பிறந்தது.

பிழைத்துக்கொண்டார்கள் என்றார் அக்கா. ஆனால் வியாழக்கிழமை வேறொரு பெண்ணை நகரத்துக்குக் கொண்டுவர வேண்டும், வயிற்றில் இரட்டை.

தோல்குன் வேனின் பெட்டியில் இருந்த எண்களை அதே மாதிரி இன்னொரு பெட்டியின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். இருபத்திரண்டு எண்கள் மாறியிருந்தன. யார் கை என்று அவளுக்குத் தெரியும்.

காற்றை அளக்கும் சென்சார் வேன் இவர்களிடம் இருந்தபோதே கெட்டுப்போயிருந்தது, புதிது கிடைக்கவில்லை. அது சொல்லும் தப்புக் கணக்கை நம்பாதே என்று இன்ஜினுக்கு மிர்லான் பழக்கியிருந்தான். இப்போது ஊர் மெக்கானிக் ஒருவர் புதுச் சென்சார் மாட்டிவிட்டார். அது சரியாகச் சொல்ல, இன்ஜின் குழம்பி வழியில் நின்றது.

எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடலாமே என்று கேட்டேன்.*

* அதில் சில எண்கள் மலையின் மெல்லிய காற்றுக்காகப் போட்டவையாம். அதையும் அழித்தால் வேன் கணவாயில் மறுபடி நிற்கும். எது எதற்கு என்று வியாழக்கிழமைக்குள் அவளால் கண்டுபிடிக்க முடியாது, போட்டவனுக்குத்தான் தெரியும்.

3

கை கழுவினாள். துடைத்தாள். மறுபடி கழுவினாள். பிறகு போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டுமே.

“மிர்லான், நான்தான்.”

“யாருக்கு என்ன ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகல. நம்ம வேன். இருபத்திரெண்டு இடத்துல கை வெச்சிருக்க. எது எதுக்கு?”

அவன் சிரித்தது கேட்டது. யோசிக்கவே இல்லை. மேலே உள்ள பன்னிரண்டும் சென்சாருக்கு, அழித்துவிடு. நடுவில் எட்டு மலைக்கு, தொடாதே.

“கடைசி ரெண்டு?”

பேனாவைக் கடைசி இரண்டு எண்களின் மேல் வைத்தாள்.

“கிளட்சை விடறப்போ வண்டி உதறுது, முட்டி வலிக்குதுன்னு சொல்லுவ. அதான் இன்ஜின் வேகத்தைக் கொஞ்சம் ஏத்தி வெச்சேன்.”

“சொல்லவே இல்லயே.”

“வலி நின்னா நீயே கேப்பன்னு இருந்தேன்.”

“வலி நின்னுச்சு,” என்றாள் தோல்குன். “முட்டிதான் சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்.”

(இந்த இடத்தில் ‘அவள் கண்கள் —’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. அவள் திரும்பிக்கொண்டாள். கண்களை நான் பார்க்கவில்லை.)

அந்த இரண்டையும் அழிக்கவா என்று கேட்டாள். வண்டி இப்போது சைகல் அக்காவுடையது, அவரைக் கேள் என்றான் அவன். அக்கா தேநீரைக் கீழே வைத்துவிட்டு, எனக்கும் முட்டி இருக்கிறது என்றார்.

4

வியாழக்கிழமை வேன் நிற்காமல் கணவாயைத் தாண்டியது. இரண்டும் பெண் குழந்தைகள். மறுநாள் வண்டி போய்ச் சேர்ந்ததா என்று கேட்க மிர்லானே கூப்பிட்டானாம். நாற்பது நிமிடம் பேசினார்கள். அதில் வேனைப் பற்றி ஐந்து நிமிடம் இருக்கலாம்.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மிர்லான் பையோடு கடை வாசலில் நிற்கிறான். இன்னொன்றில் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, அவள் எடுக்கவில்லை. இரண்டையும் தோல்குனிடம் படித்துக் காட்டினேன். பேனாவை வாங்கி இரண்டையும் அடித்தாள்.

“வந்தான்னும் எழுதாத, வரலன்னும் எழுதாத. வான்னு சொல்லணுமான்னு நானே இன்னும் முடிவு பண்ணல.”