தோளுக்குக் கீழே இரண்டு விரல்

மரண விசாரணை அதிகாரி நஸ்ரியின் பேனை தாளில் படுவதற்கு முன், பரீதா தன் உள்ளங்கையை அந்தத் தாளின் மேல் விரித்து வைத்துவிட்டாள்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள்.

கிண்ணியா ஆஸ்பத்திரியின் அந்தச் சின்ன அறையில் நாலு பேர் இருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நஸ்ரி. இந்தப் பக்கம் பரீதா, அவள் மகள் அம்ரா, மௌத்தானவரின் தம்பி அர்ஷாக். மௌத்தான ஸைனுலாப்தீன் அடுத்த அறையில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். விடிகாலையில் சுபஹு தொழுதுவிட்டுக் கட்டிலில் சாய்ந்து பிளேன்டீ கேட்ட மனிசன், மனைவி பரீதா குசினியிலிருந்து கோப்பையோடு வருவதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடி வந்ததெல்லாம் மனம் கேளாமல்தான்.

"ராத்தா, நான் இயற்கை மரணம் எண்டு எழுதித் தாறன்," என்றார் நஸ்ரி. "மாரடைப்பு எண்டு போடலாம். ஐம்பத்தெட்டு வயசு, ஏலாத மனிசன், ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க. மையித்தைக் கொண்டு போய் லுஹரோட அடக்குங்க."

நஸ்ரி நல்ல மனிதர். ஊரில் யார் மௌத்தானாலும் மையித்தில் கத்தி படாமல் வீட்டுக்கு அனுப்பி வைப்பதை ஒரு நன்மையாகவே செய்து வருபவர். அதற்காக அவருக்குக் கிண்ணியா முழுக்க துஆ உண்டு. அப்படிப்பட்டவரிடம் ஒரு பெண் இப்படிக் கேட்பாள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

"இயற்கை எண்டு எழுத வேணாம். வெட்டிப் பாக்கச் சொல்லி எழுதுங்க," என்றாள் பரீதா.

அர்ஷாக்குக்கு முகம் கறுத்துவிட்டது. பள்ளிவாசலுக்குப் போன் போட்டு, மத்தியானம் லுஹர் தொழுகையோடு ஜனாஸா அடக்கம் என்று அப்போதுதான் சொல்லியிருந்தான். குழி வெட்ட ஆள் போயாயிற்று. கபன் துணியும் வாங்கியாயிற்று.

"என்ன கதை கதைக்கிறீங்க மதினி? எங்கட நானாவக் கூறு போடவா சொல்றீங்க?"

"ஓம்."

"மையித்துக்கு நோகும். நீங்கதானே புள்ளைகளுக்கு ஓதிக் குடுக்கிற நீங்க. உங்களுக்கு நான் சொல்லித் தரவா?"

அது அவளுக்குத் தெரியாதா என்ன. உயிரோடிருப்பவருக்கு நோவது போலவே மையித்துக்கும் நோகும், குளிப்பாட்டுகிறவர்கள் வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்றவேண்டும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஆனாலும் கையைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.

இப்படியொரு பிடிவாதம் ஒரு காலையில் முளைத்துவிடுமா? இருபத்தாறு வருசம் எடுத்தது. ஸைனுலாப்தீன் ஊர்காவல் படையில் இருந்தவர். தம்பலகாமத்துக்குத் திரும்புகிற சந்தியில் காவல் நின்றபோது குண்டு வெடித்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. ஓர் இரும்புத் துண்டு முதுகால் புகுந்து நெஞ்சுக்குள் தங்கிவிட்டது. காலுக்கு ஈட்டுத்தொகை கொடுத்தார்கள், கால் இல்லை என்பதைக் கண்ணிருக்கிறவன் எவனும் காணலாமே. நெஞ்சுக்குள் இருந்ததில்தான் வில்லங்கம். மருத்துவச் சபை எக்ஸ்ரே படத்தைப் பார்த்தது. வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறது, அதனால் கேடில்லை, இருமலுக்கும் மூச்சிளைப்புக்கும் காரணம் நீண்டகாலப் பீடிப் பழக்கம் என்று எழுதியது.

பீடி. ஆயுளில் ஒரு நாள் பீடியை வாயில் வைத்திராத மனிதர் அவர். எந்தப் புண்ணியவான் எவனுடைய கோப்பைப் பார்த்து எழுதினானோ தெரியாது. ஒருமுறை எழுதினது எழுதினதுதான். மூன்று முறையீடு போட்டார், மூன்றுக்கும் அந்த ஒரே வரியைப் பார்த்து எழுதிப் பதில் அனுப்பினார்கள். இராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனால், நீர் ஊர்காவல், இராணுவமில்லை என்றார்கள். சாதாரண ஆஸ்பத்திரிக்குப் போனால், உம்முடைய கோப்பு இராணுவத்தாரிடம் என்றார்கள். பொய்க்காலை மாட்டிக்கொண்டு கொழும்பு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் நின்றும் இருந்தும் போய், அரசாங்கக் கந்தோர் வாங்குப் பலகையில் குந்தியிருந்துவிட்டு, பெரியவர் கூட்டத்துக்குப் போய்விட்டார் என்ற பதிலோடு திரும்பி வருவார். வந்து அவளைத் திட்டினதுமில்லை, கந்தோரைத் திட்டினதுமில்லை. "என்னை வெட்டிப் பாத்தாத்தான் நம்புவாங்க போல," என்று சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும்.

"காசுக்காகவா மதினி?" என்று அர்ஷாக் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "எவ்வளவு எண்டு சொல்லுங்க. நான் மீன் வாடிய வித்தாவது தாறன்."

அவன் அதைச் செய்யக்கூடியவன்தான். அதனால்தான் அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை.

"காசு வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். உங்கட நானா பீடி குடிச்சு ஏலாமப் போன ஆள் எண்டு எழுதி வெச்சிருக்காங்க அர்ஷாக். அந்த எழுத்தோட அவரை நான் அடக்க மாட்டன்."

அம்ரா, "உம்மா சொல்றது சரி சாச்சா," என்றாள். நஸ்ரி பரீதாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேறொரு தாளை எடுத்தார்.

திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போன அம்புலன்ஸ் கிண்ணியாப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தபோது அர்ஷாக் பின்னால் தன் மோட்டார் சைக்கிளில் வந்தான். பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திப் பள்ளிவாசலுக்குப் பேசுவது தெரிந்தது. ஜனாஸா லுஹரோடு இல்லை, பின்னேரம் அஸரோடு என்று ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கியில் போகும். ஏன் என்று ஊர் கேட்கும். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று பரீதாவுக்குப் பாவமாக இருந்தது.

பிரேத அறைக்கு வெளியே சேதி கேள்விப்பட்டு ஏழெட்டுப் பேர் முன்னமே வந்து நின்றார்கள். இரண்டு பேருக்கு ஒரு கால் பொய்க்கால், ஒருவருக்கு முழங்கைக்குக் கீழே சட்டைக்கை மடித்துக் குத்தியிருந்தது. எல்லாரும் பழைய ஊர்காவல்காரர்கள். தம்பலகாமம், கந்தளாய், மூதூர் என்று பல திக்கிலிருந்தும் வந்தவர்கள். ஸைனுலாப்தீனுடைய முறையீடு எடுபடாவிட்டாலும் அவர் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்த கடிதங்களுக்குக் கணக்கில்லை. சிங்களத்திலும் எழுதுவார், தமிழிலும் எழுதுவார். வீட்டு முன்விறாந்தையில் ஒரு கதிரை எப்போதும் அவர்களுக்கென்றே கிடக்கும். சிலருக்கு ஈட்டுத்தொகை கிடைத்தது. நெஞ்சிலும் முதுகிலும் துண்டோடு திரிந்தவர்களுக்கு மட்டும் அவருக்கு வந்த மாதிரியே பதில் வந்தது, பீடி, சாராயம், வயது என்று.

கந்தளாய் குணபால கைத்தடியை ஊன்றி அவளிடம் வந்தார்.

"அக்கா, இங்க பேசுறாங்க, அண்ணனை வெட்டினா எங்கட பைலும் திறக்கும் எண்டு." தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "எங்களுக்கு எண்டு வெட்ட வேணாம் அக்கா. உங்கட ஆக்களுக்கு அது சரியில்ல, எனக்குத் தெரியும். எங்கட பைல் கிடந்தாப் பரவாயில்ல."

வெயில் ஏறியிருந்தது. காலில்லாதவர்களில் ஒருவர் நிற்க ஏலாமல் மதிலில் சாய்ந்து கொண்டிருந்தார். இத்தனை வருசம் அலைந்த மனிதர்கள், தேடினது கைக்கு எட்டுகிற நேரத்தில் வேண்டாம் என்கிறார்கள். இப்படிப்பட்டவர்களோடுதான் தன் மனிசன் சிநேகிதமாயிருந்தார் என்று பரீதாவுக்குப் பெருமையாக இருந்தது.

"உங்களுக்கு எண்டு இல்ல தம்பி. அவர் எழுதத் தொடங்கினது. முடிக்க வேணும்."

சட்ட வைத்திய அதிகாரி இளம் பெண், டொக்டர் ஜெனிதா. கோப்பிலிருந்த பழைய கடிதங்களையெல்லாம் பொறுமையாக வாசித்தாள். பழைய படத்தைக் கேட்டாள். அது கந்தோரில் தொலைந்துவிட்டது என்று அம்ரா சொன்னாள்.

"எந்த இடத்திலை நோ எண்டு சொல்லுறவர் அம்மா?"

பரீதா மகளின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அபாயாவின் மேலாக இடது தோட்பட்டை எலும்பின் விளிம்பைத் தடவிப் பிடித்து, அங்கிருந்து இரண்டு விரல் கீழே இறக்கி, முதுகெலும்புப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி ஊன்றினாள்.

"இதில. இதில தொட்டா மூச்சு ஒருக்கா நிண்டு வரும். வலப்பக்கம் சரிஞ்சுதான் படுப்பார். இருபத்தாறு வருசமா இந்த விரலாலதான் தைலம் போட்டனான், எனக்குப் பிழைக்காது."

டொக்டர் எழும்பி வந்து, பரீதாவின் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். உள்ளே போகத் திரும்பியவளைப் பரீதா மறித்தாள்.

"மகள், வெட்டுறதை வெட்டுங்க. தைக்கேக்க மட்டும் நெருக்கித் தையுங்க. ஊரில அவரைக் குளிப்பாட்டப் போறது அவர்ர தம்பி."

"சரி அம்மா."

இரண்டரை மணித்தியாலம் போயிற்று. அர்ஷாக் மதிலோரம் நடந்தான், மணியைப் பார்த்தான், யாரையோ ஏசினான். அஸரும் போய்விடும் போலிருந்தது. ஐந்தரைக்கு என்று சொல்லச் சொல்லி மறுபடியும் போன் எடுத்தான். அவள் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பரீதா வாங்கில் இருந்தபடி யாஸீன் ஓதிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை, உள்ளே அவருக்கு நோகுமே என்ற நினைவு வந்து ஓதல் தடக்கிப்போயிற்று. மன்னிச்சுக்கொள்ளுங்க மனிசன் என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

டொக்டர் கதவைத் திறந்து நேரே அவளிடம் வந்தாள்.

"நீங்கள் சொன்ன இடந்தான் அம்மா. கொஞ்சமும் விலகேல்லை. துண்டைச் சுத்திச் சீழ் கட்டி, அந்தப் பக்க நுரையீரல் நல்லாப் பழுதாப் போச்சு. அதாலதான் உயிர் போனது. அப்பிடித்தான் எழுதியிருக்கிறன்."

"பீடி?"

டொக்டருக்கு விளங்கவில்லை. அம்ரா கடிதத்தின் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள்.

"இல்லை. மற்றப் பக்க நுரையீரல் சுத்தமாயிருக்குது. இது புகைச்ச ஆளின்ரை நெஞ்சில்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருங்கோ, அதையும் எழுதித் தாறன்," என்று உள்ளே போனாள்.

அப்போதுதான் பரீதாவுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராதது, முக்காட்டை வாயில் அழுத்திப் பிடித்தும் நிற்காமல் வந்தது. வெளியே அம்ரா அந்தத் தாளைப் பழைய ஊர்காவல்காரர்களுக்கு வாசித்துச் சொல்ல, குணபால மற்றவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னார். பிறகு, "இன்னொருக்கா வாசிங்க மகள்," என்றார். அவள் இன்னொருமுறை வாசித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பெண்கள் பரீதாவை இத்தா இருக்க உள்ளறைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். இனி நாலு மாதமும் பத்து நாளும் அவள் வெளியே வரக்கூடாது. அடக்குகிற மையவாடிக்கு எப்படியும் பெண்கள் போவதில்லை. முற்றத்தில் துணி மறைத்துக் குளிப்பாட்டுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மெல்லத்தான் ஊற்றினார்கள். எல்லாம் முடிந்து கொஞ்ச நேரம் கழித்து அறைக் கதவுக்கு வெளியே அர்ஷாக்கின் குரல் வந்தது. அவளோடு பேசவில்லை, அம்ராவோடு பேசினான்.

"நல்லா நெருக்கித் தைச்சிருக்காங்க. உம்மாட்டச் சொல்லு."

மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது பரீதா ஜன்னல் சீலையை ஒரு விரலால் விலக்கினாள். ஜனாஸாவை வேகமாகக் கொண்டுபோக வேண்டும், அதுதான் முறை. கிண்ணியா ஆண்கள் அதை ஓட்டமும் நடையுமாகத்தான் கொண்டுபோவார்கள். சந்தூக்கின் முன்கால் அர்ஷாக்கின் தோளில் இருந்தது. காலையிலிருந்து நேரம் போகிறது நேரம் போகிறது என்று துடித்தவன் அவன். படலையடியில் நின்ற பழைய ஊர்காவல்காரர்கள் தோள் கொடுக்க வந்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அர்ஷாக் அவரைப் பார்த்த பார்வையில் பேசாமல் ஒதுங்கினார். குணபால கைத்தடியை யாரிடமோ கொடுத்துவிட்டு அர்ஷாக்குக்குப் பக்கத்துத் தோளுக்கு வந்தார். பொய்க்கால்காரர் இருவரும் பின்னால் பிடித்தார்கள்.

"மெதுவாப் போங்க," என்று அர்ஷாக் முன்னால் போனவர்களிடம் சொன்னான். "அவசரமில்ல."

சந்தூக்கு ஒரு பக்கம் தாழ்ந்து எழும்பி, தாழ்ந்து எழும்பி ஒழுங்கை வழியே போயிற்று. ஊர் முழுக்க அதன் பின்னால் அந்த நடைக்கே நடந்தது. சந்திக்கு ஐந்நூறு அடிதான் இருக்கும். அது அங்கே போய்த் திரும்புவதற்குள் பொழுதுபட்டு மஹ்ரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.