வாத்துகளுக்கு வீசிய தலைகள்

கொரோனா சந்தையை மூடியது, மீன் லாரிகளை நிறுத்தியது. சோபான் மியாவின் குளத்தில் பங்காஸ் மீன்கள் விற்க வழியில்லாமல் தீவனம் தின்று கொழுத்தன. குளத்தைச் சுற்றியிருந்த வீடுகளிலோ இரண்டு மாதமாக உப்பும் மிளகாயும் சோறும்தான். மீன் வளர்ப்புக்குப் பேர்போன வங்கதேசத்து மைமன்சிங்கில் மீனுக்குப் பஞ்சம்! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

குல்சுமின் நான்கு வயது மகள் பாருலுக்கு அந்தி சாய்ந்தால் கண் தெரியவில்லை. மக்ரிப் பாங்கு கேட்கும் நேரத்தில் தட்டைத் தேடிக் காற்றைத் துழாவினாள். மாலைக்கண் என்றாள் கிராம நர்ஸ். மோலா மீனைத் தலையோடு, கண்ணோடு கொடு, சத்தே அங்கேதான் என்று போனில் படித்துப் படித்துச் சொன்னாள். விரல் நீளம்கூட இல்லாத பொடிமீன் மோலா. பங்காஸின் தீவனத்தைத் தின்கிறதென்று குளத்துக்காரர்கள் அதை மருந்து ஊற்றிக் கொல்வார்கள்.

எப்போதாவது கிடைத்த ஒரு துண்டு மீனும் குல்சுமின் கணவன் மொத்தாலிப்பின் தட்டுக்குத்தான் போனது. உழைக்கிற ஆணுக்கு முதல் தட்டு. காஜிப்பூரில் தையல் ஆலையை மூடி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வழக்கத்துக்கு மட்டும் யாரும் லீவு விடவில்லை. பரிமாறியது தன் கைதானே என்று நினைக்கும்போது குல்சுமுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

மறுநாள் மருந்து ஊற்றப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு சோபான் மியாவிடம் போய்க் கெஞ்சினாள். சாகப்போகிற சனியன்தானே, அள்ளிக்கொண்டு போ என்றார். காலை முழுதும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று புடவைத் தலைப்பால் அரித்ததில் ஒரு கிண்ணம் மோலா தேறியது. மீன் கொடுத்தால் பிள்ளைக்குக் கண் தெளியும் என்று மட்டும் மொத்தாலிப்பிடம் சொல்லிவிட்டு, சேறு கழுவ அடிபம்புக்குப் போனாள்.

திரும்பி வந்தால், அவன் அரிவாள்மனையில் உட்கார்ந்து ஒவ்வொரு மீனாகத் தலையைக் கிள்ளி வாத்துகளுக்கு வீசிக்கொண்டிருந்தான். பெரிய ஒத்தாசை!

"தலை கசக்கும் குல்சும். புள்ளைக்குத் தொண்டையில வேற சிக்கும். ஆலை மெஸ்ஸுல கிள்ளித்தான் போடுவாங்க."

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. வாத்துகளுக்கு நடுவே பாய்ந்தாள். அவற்றை விரட்டிவிட்டு மண்ணிலிருந்து தலைகளைப் பொறுக்கினாள். பாதிகூட மிஞ்சவில்லை. மூன்று தண்ணீரில் அலசி, கடுகெண்ணெயில் வதக்கி, உப்பு வைத்து அம்மியில் மைய அரைத்தாள். வாத்து வாயில் இருந்ததையா பிள்ளைக்குக் கொடுப்பது என்று அவன் முணுமுணுத்தான். அவள் காதில் வாங்கவில்லை.

அன்று அந்தியில் முதல் தட்டு பாருலுக்குப் போனது. அரைத்ததைச் சோற்றில் பிசைந்து அவள் வாயில் ஊட்டினாள். பிறகு தலையில்லாத நாலு மீனைக் கணவனின் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடுங்க பாருல் அப்பா. கண்ணில்லாத மீனு. உங்களுக்கும் எனக்கும் அதுதான் லாயக்கு."

மொத்தாலிப் சோற்றில் கை வைக்கவில்லை.

"அப்பா எங்கம்மா?" என்றாள் பாருல், வாய் நிறையச் சோற்றோடு. அவன் அவளுக்கு நேர் எதிரேதான் உட்கார்ந்திருந்தான்.