சங்கத்தின் ஏழாம் விதி

மெல்பேணின் மேற்கே, சன்ஷைனில் இருந்த போலந்துச் சங்கத்துக்குக் காசிமிர் பதினெட்டு வருடமாகச் செயலாளர். போர் முடிந்து ஜெர்மனியின் அகதி முகாமிலிருந்து கப்பலேறி வந்தவர். ஊரைக் கம்யூனிஸ்டுகள் பிடித்துக்கொண்டதால் திரும்பிப் போகவில்லை. அவர்களின் தூதரக வாசலை மிதிக்கும் அங்கத்தவர் எவராயினும் நீக்கப்படுவார் என்ற ஏழாம் விதியை எழுதியவரும் அவரே.

1976இல் சங்கத்தின் நடனக் குழுவுக்குப் போலந்திலிருந்து அழைப்பு வந்தது. அவருடைய மகள் ஈரெனாவும் அதில் ஆடினாள். விசா எடுக்கத் தூதரகத்துக்குத்தான் போக வேண்டும்.

"நான் ஆடத்தான் போறன் அப்பா. கட்சியில சேர இல்லை."

"விதி எல்லாருக்கும் ஒண்டுதான்."

"அப்ப என்ர பேரை வெட்டுங்கோ."

அவள் போனாள். அடுத்த கூட்டத்தில் அவர் அவள் பெயரை வாசித்துவிட்டுத் தன் கையாலேயே வெட்டினார். மனைவி ஹலினா பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஆறு வாரத்தில் ஈரெனா திரும்பி வந்தாள். குசினியில் தாயிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது.

"நான் கதைச்சதைக் கேட்டுச் சிரிச்சவை அம்மா. இந்தச் சொல்லுகளை இப்ப அங்க ஒருத்தரும் பாவிக்கிறேல்லையாம்."

அந்தச் சொற்களைச் சங்கத்தின் சனிக்கிழமைப் போலிஷ் பள்ளியில் அவளுக்குப் படிப்பித்தவர் அவர்தான். உள்ளே போகாமல் தோட்டத்துக்கு இறங்கினார்.

மறுவருடம் விதியை நீக்க இளையவர்கள் தீர்மானம் கொண்டுவந்தார்கள். காசிமிர் எதிர்த்துப் பேசினார், தோற்றார். தோற்றதைத் தானே குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வைத்தார். வீட்டுக்கு வந்தபோது ஈரெனா துணி மினுக்கிக்கொண்டிருந்தாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அங்க என்ர அக்காவைக் கண்டனியோ?"

"ஓம்."

"என்னைப் பற்றி என்ன கேட்டவ?"

"உங்கட குரல் எப்பிடி இருக்குமெண்டு கேட்டவ. மறந்துபோச்சாம்."

அவர் அக்காவுக்குக் கடிதம் எழுதி, தொலைபேசியில் பேச நாள் குறித்தார். அவள் தன் ஊர்த் தபால் கந்தோரில் வந்து காத்திருந்தாள். பேசக் கிடைத்தது மூன்று நிமிடம். அவள் முழங்கால் வலியைச் சொன்னாள், அவர் மெல்பேண் மழையைச் சொன்னார். கடைசியில், "வாறன் அக்கா" என்றார்.

மார்ச் மாதம் சிட்னிக்கு ரயிலேறினார். அங்கிருந்த துணைத் தூதரகத்தில் விசா வரிசை நீளமாக இருந்தது. முன்னால் சங்கத்து மூத்தவர்கள் இருவர் நின்றார்கள். மூவரும் தலையசைத்துக்கொண்டார்கள்.