இரண்டு தட்டு, ஓர் அழுத்து

எனக்குக் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதித் தொல்லை குறையும். பெயர் ஜெபக்குமார். கீரமங்கலம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினேழு வருஷமாகத் தமிழாசிரியர். கோபக்காரன் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதில் பொய்யில்லை.

2016 ஜூலையில் ஊரில் இருந்த கம்ப்யூட்டர் திரைகளில் எல்லாம் ஓர் அறிவிப்புப் பெட்டி வந்து நின்றது. புது சிஸ்டம் இலவசம், மாதக் கடைசிக்குள் ஏற்றிக்கொள்ளுங்கள், விட்டால் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும் என்று சொன்னது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் வேறு பேச்சே இல்லை. கணக்கு வாத்தியார் வசந்தகுமார் முதல் ஆளாக ஏற்றிவிட்டு, புது வீட்டுக்குப் பால் காய்ச்சியவர் மாதிரி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஹெச்.எம். "சும்மா குடுக்குறான்னா சும்மாவா குடுப்பான்" என்று சொல்லித் தன் மெஷினின் நெட் ஒயரையே பிடுங்கிப் போட்டார். ரம்யா டீச்சர் ஏற்றினார், பிரிண்டர் படுத்துக்கொண்டது. கிளார்க் மலையாண்டி மட்டும் ரேஷன் கார்டு ஜெராக்ஸும் ரெண்டு போட்டோவுமாக வந்து, "இத எங்கிட்டு சார் குடுக்கணும்? ஒரு கார்டுக்கு ஒண்ணுதானா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. டிவி, மிக்சி, கிரைண்டர் எல்லாம் அவர் வீட்டுக்கு அப்படித்தானே வந்தன.

எனக்குச் சிரிப்புக்குக் கீழே பயம் இருந்தது. என் லேப்டாப் பேசும். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் அதில் இருக்கிறது. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அந்தக் குரலை வைத்துத்தான் படிக்கிறேன், எழுதுகிறேன், திருத்துகிறேன். அந்தக் குரல் போய்விட்டால் லேப்டாப் எனக்கு வெறும் சூடான பலகை. திருச்சியில் என்னோடு பார்வையற்றோர் பள்ளியில் படித்த சந்தோஷ் ஆசைப்பட்டு ஏற்றிவிட்டு, "நாலு நாளு ஊமையா கெடந்துச்சுடா, நானும் கூடவே கெடந்தேன்" என்று போனில் சொன்னான். அதற்கப்புறம் நான் அந்தப் பெட்டியைத் தேள் மாதிரி பாவித்தேன். வந்ததும் டேப் பட்டனை இரண்டு தட்டு, என்டரை ஓர் அழுத்து. 'அப்புறம் பார்க்கலாம்' என்ற இடத்தில் போய் விழும், பெட்டி ஓடிவிடும். ஒரு நாளைக்கு நாலு தடவை, மூன்று வாரம். கடைசியில் அது என்ன சொல்கிறது என்று கேட்கக்கூட இல்லை. வாயைத் திறக்கும்போதே தட்டி அனுப்பிவிடுவேன்.

அந்த மாதம்தான் வினாத்தாள் என் கைக்கு வந்தது.

சுற்றுவட்டத்தில் ஐந்து பள்ளிகள் சேர்ந்து மிட் டேர்ம் தேர்வுக்குப் பொது வினாத்தாள் எடுப்பது வழக்கம். பிளஸ் டூ தமிழ் இந்த முறை என் முறை. கூட்டத்தில் வேறொரு பள்ளியின் ராக்கன் சார் எழுந்து, "தப்பா நெனைக்காதீங்க. மக படிக்கிற வகுப்புக்கு அப்பாவே கேள்வி எடுக்குறதா? அதும் சாருக்கு யாராவது கூட ஒக்காந்து படிச்சுக் காட்டணுமே" என்றார். என் மகள் சுடர்விழி என் பள்ளியிலேயே பிளஸ் டூ. எனக்குச் சுருக்கென்றது. "எனக்குப் படிச்சுக் காட்ட ஆள் வேண்டாம். மெஷின் என் காதுக்குள்ள படிக்கும். திரைய இருட்டாக்கி வச்சுத்தான் வேலை பாப்பேன். என் காதைத் தாண்டி ஒரு எழுத்து வெளிய போனா நான் வேலைய விட்டுப் போறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வாய்க்கொழுப்புத்தான். சொன்னது சொன்னதுதான்.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குள் வினாத்தாளைப் புதுக்கோட்டை அச்சகத்துக்கு மெயிலில் அனுப்பவேண்டும். திங்கட்கிழமை தேர்வு. பிரதி எடுத்தால் ரகசியம் இரண்டாகும் என்று பென் டிரைவில்கூடப் போட்டு வைக்கவில்லை. காலை பத்தரைக்குக் கடைசி நெடுவினாவை எழுதி சேவ் செய்தேன். அச்சுக்கு அனுப்புமுன் ஒரு முறை முழுசாகக் கேட்டுவிடலாம் என்று நினைத்தபோது பெட்டி வந்தது. இரண்டு தட்டு, ஓர் அழுத்து. தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

திரும்பி வந்தால் ஹெட்செட்டில் சத்தமில்லை.

ஒரு பட்டனைத் தட்டினேன். இன்னொன்றைத் தட்டினேன். உள்ளே ஃபேன் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்று, ஏதோ முனகி, மறுபடி இரைந்தது. மெஷின் தானாக அணைந்து தானாக ஏறுகிறது. அப்படியானால் நான் இருட்டாக்கி வைத்த திரை இப்போது வெளிச்சமாக இருக்கலாம். அதில் என்ன நிற்கிறது? வினாத்தாள் நிற்கிறதா? எனக்குத் தெரிய வழியே இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரைமேல் போட்டேன்.

என் மனைவி மணிமேகலை கிராம நர்ஸ். தடுப்பூசி முகாமுக்கு ஆலங்குடி போயிருந்தாள். வீட்டில் கண் உள்ள ஆள் ஒருத்திதான். அடுத்த அறையில் உட்கார்ந்து திங்கட்கிழமை தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"சுடர்" என்று கூப்பிட்டேன். வந்தாள். வாசலிலேயே நில் என்றேன்.

"இந்த மெஷினத் தொட்டியா?"

"இல்லப்பா. ஏன், என்னாச்சு?"

"இப்ப நான் தண்ணி குடிக்கப் போனப்ப உள்ள வந்தியா?"

"வரலப்பா. நான் எந்திரிக்கவே இல்ல."

"பொய் சொல்லாத. தானா ஒரு மெஷின் ஊமையாகுமா? என்ன பாக்குறதுக்கு வந்த, அதச் சொல்லு."

கேட்ட பிறகுதான் என்ன கேட்டுவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. என் கோபத்துக்கு முன்னால் போகத்தான் தெரியும், ரிவர்ஸ் கிடையாது.

பதினொன்றரை. பன்னிரண்டு. பேசும் கடிகாரத்தை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அமுக்கினேன். மெஷின் இரைவதும் அடங்குவதுமாக இருந்தது. கைவைத்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது. அணைத்துவிடலாமா என்று விரலைக் கொண்டுபோவேன், அணைத்தால் மொத்தமும் அழிந்துபோகுமோ என்று எடுத்துக்கொள்வேன். கரண்ட் போய்விட்டால் என்ன கதி என்று தலைக்குமேல் ஃபேன் சுற்றும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். மறுபடி முதலிலிருந்து எழுதினால் நாற்பத்தேழு கேள்வி, நாலு நாள். ராக்கன் சார் என்ன சொல்வார் என்று அவர் குரலிலேயே கேட்டது. "அப்பவே சொன்னேன்ல, பாவம், அவரால முடியாதுன்னு." அந்தப் 'பாவம்'தான் எனக்கு ஆகாது.

பன்னிரண்டரைக்கு வசந்தகுமாருக்குப் போன் போட்டேன். ஆவுடையார்கோவிலில் ஒரு காதுகுத்து விழாவில் இருந்தார். மைக் செட் சத்தத்துக்கு நடுவே கத்தினார்.

"ஸ்கிரீன்ல என்ன சார் இருக்கு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் ஒங்களக் கூப்புடுறேன்?"

"சரி சரி. அந்த இலவசப் பெட்டி வந்துச்சா?"

"தெனமும்தான் வருது. ரெண்டு தட்டு, ஒரு அமுக்கு. அனுப்பிடுவேன்."

அவர் கூட்டத்தைவிட்டு ஒதுங்கி வந்திருக்கவேண்டும். சத்தம் குறைந்தது. "சார், இன்னைக்குக் காலைலேருந்து பெட்டி மாறிடுச்சாம். பழசுல 'அப்புறம்' இருந்த எடத்துல இப்ப 'இப்பவே ஏத்து' இருக்கு. நீங்க பழைய நெனப்புல தட்டிட்டீங்க போல."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"பயப்படாதீங்க, ஃபைல் எங்கயும் போகாது. ரெண்டு மணி நேரம் ஆகும். ஆனா கடைசில அதும் இதும் கேட்டுக்கிட்டு நிக்கும், யாராவது பாத்து அமுக்கணும். நான் வாரதுக்கு மூணு மணி ஆயிரும். வீட்டுல பாப்பா இருக்குமே?"

"பாப்பாதான சார் அந்தப் பரீட்சை எழுதுது."

"அட, அது மொதல்ல வெறும் இங்கிலீஷ்தான் காட்டும். வினாத்தாள் நீங்களாத் தொறந்தாத்தான் வரும்" என்றார்.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அழுத்தியது என் விரல். கேட்காமல் அழுத்தியதும் என் விரல்தான். திட்டு வாங்கியது பிள்ளை. ஒரு மணி அடித்தது. கொல்லைக் கதவு வரை சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"ஆத்தா, கொஞ்சம் வந்து பாரு."

"நான் எதுக்குப்பா? நான் பாத்தாத்தான் ஒங்களுக்குப் புடிக்காதே."

"தப்பு என்மேலதான். நானே அமுக்கிட்டேன்."

மன்னிச்சுக்கோ என்று மட்டும் சொல்லவில்லை. அவள் வந்தாள். துண்டை எடுத்தாள். ஆங்கிலத்தில் வரவேற்பு போட்டிருக்கிறது என்றாள். ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லி, நான் சரி என்றதை மட்டும் அமுக்கினாள். அவளாக ஒன்றையும் தொடவில்லை. அவள் குரல், கடையில் கணக்குக் கேட்பவர் குரல் மாதிரி இருந்தது. ஒன்றரைக்கு, "முடிஞ்சிருச்சுப்பா. எல்லாம் பழைய மாதிரி வந்திருக்கு" என்றாள்.

ஹெட்செட்டை மாட்டினேன். ஸ்க்ரீன் ரீடரை எழுப்பும் மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அழுத்தினேன். குரல் வராவிட்டாலும் ஃபைலைத் திறந்து பார்த்துவிடலாம், பழக்கமான வழிதானே என்று அவசரத்தில் விரலாலேயே வழி தேடி என்டரைத் தட்டினேன்.

"பகுதி ஒன்று" என்று அறையே அதிரக் கேட்டது.

குரல் வந்துதான் இருந்தது. புது சிஸ்டம் என் ஹெட்செட்டை மறந்துவிட்டு ஸ்பீக்கரில் பேசியது, முழுச் சத்தத்தில். வாக்கியம் வாக்கியமாக முதல் கேள்வியைப் படிக்க ஆரம்பித்தது. சத்தத்தைக் குறைக்கும் பட்டனைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஹெட்செட் ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன், அடங்கவில்லை. "வெளிய போ, வெளிய போ" என்று நான் கத்தியது அந்தக் குரலில் அமுங்கிப்போனது. இரண்டாம் கேள்வி, மூன்றாம் கேள்வி. கடைசியில் லேப்டாப்பை அப்படியே மூடினேன். சத்தம் நின்றது.

அப்போதுதான் இன்னொரு சத்தம் கேட்டது. சுடர் எனக்குப் பின்னால் நின்று, தொண்டை கிழியப் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று ஏழு தொண்ணூற்றொன்று, பதின்மூன்று எட்டு நூற்றுநாலு. வெளியே ஓட வழியில்லை, என் நாற்காலி கதவை அடைத்திருந்தது.

"போதும் ஆத்தா" என்றேன். நிறுத்தவில்லை. எழுந்து கையை நீட்டித் தொட்டேன். இரண்டு உள்ளங்கையும் காதுகளை அப்படி அழுத்தி மூடியிருந்தன. அதோடு நான் கையை எடுத்திருக்கவேண்டும். எடுக்கவில்லை. என் விரல்கள் தாமாகக் கன்னத்துக்கு மேலே ஏறின. கண்ணையும் மூடியிருக்கிறாளா என்று பார்க்கப் போயின.

மூடித்தான் இருந்தாள். இமைகள் இறுகிக் கிடந்தன. ஈரமாக இருந்தன.

வாய்ப்பாடு நின்றது. என் விரல் எதற்கு அங்கே வந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கையை இறக்கி, என் விரல்களைப் பிடித்து மெதுவாக விலக்கினாள்.

அவள் வெளியே போனபின் ஹெட்செட்டைச் சரிசெய்து, ஒன்று ஐம்பத்தைந்துக்கு வினாத்தாளை அனுப்பினேன். கிடைத்தது என்று அச்சகத்திலிருந்து போன் வந்தது. என் சொல் தப்பித்தது. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

சுடர் எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். "திங்கக்கெழம நான் பரீட்சைக்கு வரலப்பா" என்றாள்.

"ஏன்? நீதான் ஒண்ணும் கேக்கலயே. பாக்கலயே."

"நான் நல்லாப் படிச்சிருக்கேன்ப்பா. எழுதுனா தொண்ணூறுக்கு மேல வரும்."

"வரட்டுமே."

"வந்தா நீங்க என்ன நெனைப்பீங்க?"

நான் உடனே பதில் சொல்லியிருக்கவேண்டும். ஒரு நொடிகூட யோசிக்காமல் சொல்லியிருக்கவேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஹாலில் பெயர் கூப்பிட்டார்கள். சுடர்விழி வரவில்லை என்று வேறொரு பெண் சொன்னாள். ராக்கன் சார் சாயங்காலம் போன் பண்ணி, வினாத்தாள் அருமை, ஒரு குறை சொல்ல முடியாது சார் என்றார். நன்றி என்று சொல்லி வைத்தேன். பிறகு மதிப்பெண் பட்டியலைத் திறந்து, பதினெட்டாவது பெயருக்கு நேராக 'வரவில்லை' என்று நானே தட்டினேன். குரல் அதைத் திருப்பிச் சொன்னது.