ஆளுக்கொரு பதில்

எம்.ஏ. பொருளாதாரம் என்றால் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தால் போதும் என்று நினைப்பவர்கள் கடைசிப் பருவத்தின் கள ஆய்வைக் கண்டதில்லை. ஆட்களை நேரில் பார்த்துக் கேள்வி கேட்டு, பதில்களை அட்டவணையாக்கி, ஆய்வேடு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்களுக்குப் பட்டம் இல்லை. மற்ற தாள்களில் எல்லாம் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்த அழகுமீனா, இதையும் ஊதித் தள்ளிவிடலாம் என்றுதான் இருந்தாள். விஸ்வநத்தத்தில் அவள் தெருவே பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற தெரு. அம்மா மாரித்தாயோடு வேனில் போகும் பெண்களைக் கேட்டாலே வேலை முடிந்தது.

விருதுநகர்க் கல்லூரியில் அவளுக்கு வழிகாட்டி ரோஷினி மேடம். அந்தப் பெண்களைக் கேட்டு அவள் எழுதிக்கொண்டு வந்த பதில்களைப் புரட்டப் புரட்ட அவர் முகம் மாறியது.

"எல்லாருக்கும் வருஷம் பூரா வேலை. யாருக்கும் காயம் இல்ல. எல்லாருக்கும் திருப்தி. ஒருத்தர்கூட மாத்திச் சொல்லலையா? ஹாஸ்டல்ல உக்காந்து நீயே எழுதினியா?"

"இல்ல மேடம். நேர்லதான் கேட்டேன்."

"அப்ப திரும்பப் போய்க் கேளு. திங்கட்கிழமை சரியா வரலைன்னா நான் கையெழுத்துப் போட முடியாது. இந்த வருஷம் உனக்கு டிகிரி கிடையாது."

செய்யாத தப்புக்குப் பழி சுமப்பது போலக் கொடுமை உண்டா? பஸ்ஸில் வழி நெடுக அழுதுகொண்டே ஊருக்கு வந்தாள்.

மாரித்தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். "நாந்தான் தாயி எல்லார்ட்டயும் சொல்லி வச்சேன். பேப்பரும் பேனாவுமா யாரு வந்தாலும் இப்படித்தான சொல்லணும்? நல்லதாச் சொன்னா உனக்கு நல்ல மார்க்கு விழும்னு நெனச்சோம்."

அதிகாரிகள் சோதனைக்கு வரும் நாளில் சொல்வதற்கென்று கம்பெனியில் ஒரு பாடம் உண்டு. அந்தப் பாடத்தைத்தான் நம்ம பிள்ளை என்ற பாசத்தில் ஒரு சொல் பிசகாமல் அவளுக்கும் ஒப்பித்திருக்கிறார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

மறுநாள் காலை அவளும் வேனில் ஏறினாள். "உங்க பேரும் எழுத மாட்டேன், கம்பெனி பேரும் எழுத மாட்டேன். எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னீகன்னா எனக்கு டிகிரி இல்ல. உள்ளதச் சொல்லுங்க."

வேன் ஊரைத் தாண்டியது.

"மழை பேஞ்சா வேலை கிடையாது. எழுதிக்க" என்றாள் பொன்னுத்தங்கம்.

"எனக்கு இருமல் விட்டபாடில்ல" என்றாள் மூக்கம்மாள்.

"எனக்கு இந்த வேலை பிடிக்கும்ப்பா. வீட்ல மாமியா மூஞ்சியப் பாத்துட்டுக் கெடக்கதுக்கு இது தேவல" என்றது பின் சீட்டிலிருந்து ஒரு குரல். வேன் முழுக்கச் சிரித்தது. அதன் பிறகு அவளுக்கு எழுதக் கை போதவில்லை. ஒருத்தி பதில் மற்றவள் பதிலைப் போல் இல்லை.

கடைசியாக அம்மா. "போன வருசம் காயம் ஏதும் பட்டுச்சாம்மா?"

மாரித்தாய் சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் கையைச் சுருட்டினாள். முழங்கைக்குக் கீழே தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. "அடுப்புல சுட்டுட்டுன்னு உன்ட்ட சொன்னேம்லா, அது அடுப்பு இல்ல. திரி உரசித் தீப் பிடிச்சிட்டு. உனக்குப் பரீச்சை நேரம், அதான் சொல்லல."

அழகுமீனாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. தன்னிடமும் அம்மா அதிகாரிக்குச் சொல்கிற பதிலைத்தான் இத்தனை நாளும் சொல்லியிருக்கிறாள்.

"எழுது தாயி. இதுக்குத்தான வந்த" என்றாள் மாரித்தாய். அவள் எழுதினாள்.

திங்கட்கிழமை ரோஷினி மேடம் நெடுநேரம் படித்தார். "உன்னைச் சந்தேகப்பட்டேன், மனசுல வச்சுக்காத" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவில் நின்றே வீட்டுக்குப் போன் செய்தாள். "போட்டுட்டாங்கம்மா. இனி வாய்மொழித் தேர்வு ஒண்ணுதான்."



"அப்ப சீக்கிரம் ஊருக்கு வா தாயி" என்றாள் மாரித்தாய். "உன்ட்ட சொல்லாதது இன்னும் நெறையக் கெடக்கு."