ஊதாச் சுடிதார் மழையில் நனைந்த நாள்

கடலூர் சிப்காட்டைத் தாண்டி, சிதம்பரம் சாலையில் இருக்கும் தேவசகாயத்தின் பழைய துணிக் கடையில், தொங்குகிற துணிகளுக்கு வியர்க்கும். முன்பு போட்டிருந்தவர் எந்த ஊரில் இருந்தாலும் அவர் உடம்புக்கு நடப்பதெல்லாம் துணிக்கும் நடந்தது. துபாயில் கம்பி கட்டுகிறவனின் சட்டை பகல் முழுக்கச் சொட்டும். ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவனின் பேண்ட் சித்திரை மாதத்திலும் சில்லென்று இருக்கும், அதற்குப் போட்டி ஜாஸ்தி. யாருடையதோ ஒரு நைட்டி மாதக்கணக்கில் விம்மிக்கொண்டே கிடந்தது, அதை ஒருவரும் எடுக்கவில்லை. செத்தவர்களின் துணி மட்டும் கடையில் புதிதாக வாங்கியதுபோல் மொடமொடவென்று இருக்கும். கல்யாணம் காட்சிக்கு எடுக்க வருகிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள். முந்திரிக் கிடங்காக இருந்த அந்தப் பெரிய கொட்டகையில் தேவசகாயம் வரிசை வரிசையாகக் கம்பி கட்டியிருந்தார். காரணம் கேட்டவர்களிடம், "துணின்னா அப்படித்தான் இருக்கும், ஒதறிட்டுப் போட்டுக்குங்க" என்பார். சனங்களும் உதறிப் போட்டுக்கொண்டார்கள்.

கீரப்பாளையம் ஞானாம்பாள் அங்கே வந்தது உடுத்தத் துணி எடுக்க அல்ல, மகளின் துணியைத் தேடி. ஒரே மகள் கயல்விழி, கூடப் படித்த டேவிட் ராஜைக் கட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டாள். அப்பா சுப்பராயலு தலை முழுகினார். மற்றவர்கள் வாயால் சொல்வதோடு விடுவார்கள், இவர் நிஜமாகவே வாய்க்காலில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டார். ஈர வேட்டியோடு வந்து, அவளுடைய ஒரு நூல்கூட வீட்டில் இருக்கக் கூடாது என்றார். வீட்டில் இருந்த போன்களின் நம்பரையும் மாற்றினார். மகளுடைய பழைய நம்பரும் பிறகு கிடைக்கவில்லை.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவன் அந்த வாரமே தெருவில் வந்தான். ஞானாம்பாள் அழுதுகொண்டேதான் மூட்டையை அவிழ்த்தாள். ஊதாச் சுடிதார் ஒன்றை மட்டும் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். பாத்திரக்காரன் சின்னக் குண்டானை நீட்டினான், இவள் மூடி போட்ட பெரியதைக் கேட்டாள். அழுகை ஒரு பக்கம், பேரம் ஒரு பக்கம். இத்தனை வருஷக் குடித்தனம் கற்றுக்கொடுத்த பழக்கம் லேசில் விடுமா? "இன்னும் ஒரே ஒரு நல்ல துணி போடுங்கம்மா, மூடியோடவே எடுத்துக்குங்க" என்றான் அவன். அவள் கை தானாக உள்ளே போய் ஊதாச் சுடிதாரைக் கொண்டுவந்து போட்டது. வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தலைவிரி கோலமாக மெயின் ரோடு வரை ஓடிப் பார்த்தாள். அந்தக் குண்டானில் அவள் ஒரு நாளும் சோறு பொங்கவில்லை.

பாத்திரக்காரர்கள் சேர்க்கும் துணியெல்லாம் கடைசியில் தேவசகாயம் கடைக்குத்தான் போகும் என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து, வெள்ளிக்கிழமை தவறாமல் கிளம்பினாள். வீட்டில் சொன்னது சிதம்பரம் கோயில். முழுப் பொய் சொல்ல மனம் வராமல், சிதம்பரத்தில் இறங்கிக் கீழக் கோபுரத்துக்கு அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கடலூர் பஸ் பிடிப்பாள். கம்பி கம்பியாகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, மொடமொடப்பாக மட்டும் கிடைத்துவிடக் கூடாது என்பதுதான் அவள் வேண்டுதல்.

மூன்றாம் வருஷம் ஆவணியில் கிடைத்தது. பின்கழுத்தில், பொங்கலுக்கு எடுத்தபோது அவளே வைத்த மஞ்சள் மங்கலாகத் தெரிந்தது. தொடப் பயந்து நெடுநேரம் நின்றாள். பிறகு தொட்டாள். துணி வெதுவெதுப்பாக, கசங்கலாக இருந்தது. கைப்பக்கத்தில் வெங்காய வாசனை அடித்தது. எங்கோ ஓர் அடுப்படியில் அவள் மகள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். ஞானாம்பாள் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். "யம்மா, போட்டுப் பாத்துட்டு எடுங்க, அப்புறம் மாத்தித் தரமாட்டேன்" என்றார் தேவசகாயம். அவள் பேரம் பேசாமல் வாங்கிய பொருள் அது ஒன்றுதான்.

அதன் பிறகு அவள் மகளோடு வாழ்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கொடியில் தன் புடவைக்கு அடியில் சுடிதாரைக் காயப்போட்டு, இன்று காய்ச்சலா, குளித்தாளா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். ஐப்பசிக்கு மேல் இடுப்புத் தையல் யாரும் பிரிக்காமலே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. வைகாசியில் ஒரு காலை, துணி முறுக்கிப் பிழிந்ததுபோல் திருகிக்கொண்டது. ஞானாம்பாள் அதன் கையைப் பிடித்துக்கொண்டாள், அதுவும் அவள் விரலை இறுக்கிப் பிடித்தது. மறுநாள் மார்புப் பக்கம் பால் நனைந்திருந்தது. பேரனா பேத்தியா என்று துணியில் தெரியவில்லை. யார் வெந்நீர் ஊற்றினார்கள், யார் பத்தியச் சோறு போட்டார்கள் என்று நினைத்து நினைத்து அவள் நெஞ்சு வெந்தது. தாய் இங்கே கல்லாட்டம் இருக்க, பிள்ளை பெற்றவள் அங்கே தனியாகக் கிடந்தாளே.

பத்து நாள் கழித்து அவள் ரேஷன் கடையில் வரிசையில் நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. பையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள். கொடியில் சுப்பராயலுவின் வேட்டியும் அவள் புடவையும் நனைந்துகொண்டிருந்தன. சுடிதார் இல்லை. உள்ளே போனால், சுப்பராயலு தணலில் சாம்பிராணி போட்டு, இரண்டு கையாலும் சுடிதாரை ஏந்திப் புகை காட்டிக்கொண்டிருந்தார்.

"பச்ச ஒடம்புக்காரிய மழைல உட்டுட்டுப் போயிருக்க. சளி புடிச்சா பாலு வழியா கொழந்தைக்கில்ல போவும்?"

ஞானாம்பாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "ஒங்களுக்கு எப்பலேந்து தெரியும்?" என்றாள்.

"வெயில்ல அது வேர்த்து ஊத்துறப்ப நீ பாட்டுக்குக் கடைக்குப் போயிடுவ. உள்ள கொண்டாந்து ஃபேன் போட்டு வுட்டது யாரு?" என்றார்.

இருமிக்கொண்டிருந்த துணி புகை பட்டு மெல்ல அடங்கியது. தோள்கள் தளர்ந்தன. நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. ஞானாம்பாள் எதையோ கேட்க வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார்.

"சத்தம் போடாத. இப்பதான் கண்ண மூடுனா."

அன்றிலிருந்து அந்த வீட்டில் பகலில் யாரும் டிவி போடுவதில்லை.